கணினியின் வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள், தாமதத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு நிறுத்திவிட்டதால் அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன, சிறு பட்டறைக்காரர்கள் அவற்றை வாங்கிப் பழைய மில்லிங் மெஷினையும் லேத்தையும் சிஎன்சி, அதாவது கணினி ஓட்டும் மெஷின், ஆக்கிக்கொள்ளலாம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். யோசனை நல்லதுதான், நானே இதைப் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் 'ஐ5 பிராசசரும் 8 ஜிபி ராமும் இருந்தால் போதும்' என்ற பொருளில் ஒரு வரி வருகிறது, அதை நம்பி நாலு பேர் ரிச்சி தெருவுக்குக் கிளம்பிவிடுவார்களே என்றுதான் இதை எழுதுகிறேன். கோவையில் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு பேனல் வயரிங்கும், பழைய மெஷினை இப்படி மாற்றியமைக்கும் ரெட்ரோஃபிட்டும் செய்து கொடுப்பது என் தொழில். மெஷினை ஓட்டும் கணினி விஷயத்தில் ஐ5-ஆ ஐ7-ஆ என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

தவில்காரர் எவ்வளவு வேகமாக வாசிக்கிறார் என்பது வேறு, அடி தாளத்தில் விழுகிறதா என்பது வேறு. மெஷினுக்கு வேண்டியது இரண்டாவது. ஒவ்வொரு பல்ஸுக்கும், அதாவது மின் துடிப்புக்கும், ஒரு சிறு படி (ஸ்டெப்) மட்டும் திரும்பும் ஸ்டெப்பர் மோட்டாரைக் கணினியே நேரடியாக ஓட்டும்போது, சில பத்து மைக்ரோ செகண்டுக்கு ஒருமுறை அது மற்ற எல்லா வேலையையும் போட்டுவிட்டு வந்து, பல்ஸ் கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். சராசரியாக நேரத்துக்கு வருகிறது என்பதெல்லாம் இங்கே செல்லாது. ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு முறை தாமதமாக வந்தாலும் மோட்டார் அந்த இடத்தில் தடுமாறும், ஸ்டெப் விட்டுப்போகும், சாதாரண ஸ்டெப்பரில் நின்ற இடத்தைத் திரும்பச் சொல்லும் என்கோடர் கிடையாது என்பதால் விட்டுப்போனது யாருக்கும் தெரியாது. திரையில் 100.000 என்று அழகாகக் காட்டிக்கொண்டிருக்கும், டூல் 99.6-ல் நின்றுகொண்டிருக்கும்.

இதற்கென்றே இருக்கும் மென்பொருள் லினக்ஸ்சிஎன்சி. அமெரிக்க அரசின் நிஸ்ட் என்ற அளவீட்டுத் தரநிறுவனத்தில் 1990களில் இஎம்சி என்ற பெயரில் பிறந்தது, அரசுப் பணத்தில் எழுதப்பட்டதால் பொதுச் சொத்தாக வெளியே வந்து, பிறகு ஆர்வலர்கள் கையில் வளர்ந்தது. இன்றும் இலவசம். இதற்குக் கீழே ஓடும் லினக்ஸும் சாதாரண லினக்ஸ் அல்ல, குறித்த நேரம் தவறாத ரியல்டைம் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வேண்டும். இதில் ஆர்டிஏஐ என்ற பழைய வழி ஒன்று உண்டு, இப்போது பெரும்பாலோர் பயன்படுத்தும் பிரீஎம்ப்ட் ஆர்டி என்ற வழி ஒன்று உண்டு. இரண்டாவது, சுமார் 20 ஆண்டுகள் தனியாகச் சேர்க்க வேண்டிய ஒட்டாகவே (பேட்ச்) இருந்து 2024 நவம்பரில் வந்த லினக்ஸ் 6.12-ல்தான் முதன்மைக் கெர்னலுக்குள்ளேயே சேர்ந்தது. விண்டோஸில் ஓடும் மாக்3 என்ற சிஎன்சி மென்பொருளைப் பழகியவர்கள் 'அதுவே போதுமே' என்பார்கள். சரி, ஆனால் பழைய பிரிண்டர் சொருகும் பேரலல் போர்ட் வழியாக மெஷினை ஓட்டும் அதன் டிரைவர் 32 பிட் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், 64 பிட்டில் ஓடாது. கழித்துக்கட்டி வரும் கணினிகளில் கிட்டத்தட்ட எல்லாமே 64 பிட் விண்டோஸோடுதான் வருகின்றன, பல்ஸைத் தானே உற்பத்தி செய்யும் யுஎஸ்பி அல்லது ஈதர்நெட் மோஷன் கார்டு தனியாக வாங்கினால்தான் மாக்3 கதை நடக்கும்.

லினக்ஸ்சிஎன்சியோடு லேட்டன்சி டெஸ்ட் என்று ஒரு சின்ன புரோகிராம் வருகிறது. நான் சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான். கூப்பிட்ட நேரத்துக்கும் கணினி வந்து சேர்ந்த நேரத்துக்கும் இடையே இதுவரை நேர்ந்ததிலேயே மோசமான வித்தியாசம் எவ்வளவு என்று நானோ செகண்டில் காட்டும். லினக்ஸ்சிஎன்சி ஆவணமே தரும் அளவுகோல் இது: 15,000 முதல் 20,000 நானோ செகண்டுக்குள் இருந்தால் அந்தக் கணினியே பல்ஸ் உற்பத்தி செய்ய அருமையானது. 30,000 முதல் 50,000 வரை என்றால் ஓடும், வேகம் மட்டும் கொஞ்சம் குறையும். 1 லட்சத்தைத் தாண்டினால் பேரலல் போர்ட்டில் ஸ்டெப்பர் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான். 10 லட்சம், அதாவது 1 மில்லி செகண்டையே தாண்டினால் எந்த கார்டு போட்டாலும் அந்தக் கணினி மெஷினுக்கு ஆகாது.

இந்த எண்கள் பட்டறையில் என்ன செய்யும் என்று ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் பால் ஸ்க்ரூ, ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், மோட்டாரை ஓட்டும் டிரைவில் ஒவ்வொரு ஸ்டெப்பையும் 10 மைக்ரோஸ்டெப்பாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஒரு சுற்றுக்கு 2,000 பல்ஸ், மில்லிமீட்டருக்கு 400. தாமதம் குறைவாக இருந்து 50 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பல்ஸ் வீதம் கொடுக்க முடிந்தால் நொடிக்கு 20,000 பல்ஸ், அதாவது நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகம் கிடைக்கும். தாமதம் கூடியதால் அதை 100 மைக்ரோ செகண்டாகத் தளர்த்த நேர்ந்தால் ஒன்றரை மீட்டர்தான். ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் இறங்கும் என்பதில் இது கை வைக்கிறது. கணினி விற்பவரிடம் இதைச் சொன்னால் 'சார், இது எஸ்எஸ்டி போட்ட சிஸ்டம், பறக்கும்' என்பார். அவர் மேல் தப்பில்லை, அவர் உலகத்தில் வேகம் என்றால் அதுதான்.

வேகமான கணினி நல்ல கணினி அல்ல என்பதற்கு இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உதாரணம் இன்டெல் டி525எம்டபிள்யூ என்ற சின்ன ஆட்டம் போர்டு. 2010 வாக்கில் வந்தது. அதில் ஒரு எக்செல் ஃபைலைத் திறந்தால் காபி குடித்துவிட்டு வரலாம். ஆனால் தாமதம் மிகக் குறைவு என்பதால் லினக்ஸ்சிஎன்சி உலகத்தில் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். அதே சமயம் பளபளவென்ற லேப்டாப்புகள் அநேகமாக எல்லாமே தோற்றுப்போகும். பேட்டரியை மிச்சம் பிடிக்க அவை நொடிக்கு நொடி தூங்கித் தூங்கி எழுகின்றன, எழ ஆகும் நேரம் நம் தலையில் விடிகிறது.

டெஸ்டை எப்படி ஓட்டுவது என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ரெண்டு நிமிஷம் ஓட்டிவிட்டு '9,000 வருகிறது, சூப்பர்' என்று போன் செய்பவர்கள் உண்டு. ஓடும்போது கணினியைத் தொந்தரவு செய்ய வேண்டும்: ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற பல்சக்கரப் படத்தை ரெண்டு மூணு ஜன்னலில் ஓடவிட்டு, ஜன்னல்களை இழுத்து, பெரிய ஃபைலைக் காப்பி செய்து, பென் டிரைவைச் சொருகிப் பிடுங்கி, இணையத்தில் எதையாவது பார்த்து, இப்படி. அப்புறம் ஒரு மணி நேரம் சும்மாவும் விட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில கணினிகள் வேலை செய்யும்போது ஒழுங்காக இருந்து, சும்மா இருக்கும்போதுதான் ஆழ்ந்து தூங்கி மோசமான எண்ணைக் காட்டும்.

ஒரு பட்டறையில் நல்ல நிறுவனத்தின் அலுவலகக் கணினி ஒன்று, ஐ7, எல்லாம் சரியாக இருந்தும் வேலையின் நடுவே ஒரு அச்சு மட்டும் லேசாக 'டக்' என்று சத்தம் போடும். டிரைவை மாற்றினார்கள், மோட்டாரை மாற்றினார்கள், கப்ளிங்கைக் கழற்றி மாட்டினார்கள். லேட்டன்சி வரைபடத்தை விட்டுப் பார்த்தபோது தாமதம் அமைதியாக ஓடிக்கொண்டே இருந்து, சுமார் 64 நொடிக்கு ஒருமுறை சரியாக ஒரு குத்து எகிறியது. இது எஸ்எம்ஐ என்ற சங்கதி. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற அடிப்படை மென்பொருளானது விசிறி வேகம், வெப்பம், யுஎஸ்பி கீபோர்டு என்று தன் சொந்த வேலைகளுக்காக பிராசசரை அப்படியே பறித்துக்கொண்டு போய்த் திருப்பித் தருவது. அந்த நேரம் லினக்ஸுக்குக் கணக்கிலேயே வராது, எந்த ரியல்டைம் கெர்னலாலும் அதைத் தடுக்க முடியாது. 64 நொடி இடைவெளியில் வருவது பல பழைய இன்டெல் சிப்செட்களில் தெரிந்த நோய். பயாஸை எழுதியவர் ஒரு அலுவலகக் குமாஸ்தாவை மனதில் வைத்து எழுதியிருக்கிறார், அவருக்கு ஒரு மில்லி செகண்டில் என்ன நஷ்டம்! சில போர்டுகளில் இதை மென்பொருள் வழியாக அணைக்கலாம், சிலவற்றில் அணைத்தால் வெப்பப் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். அங்கே போர்டை மாற்றினோம், 'டக்' நின்றது.

போர்டை மாற்றுவதற்கு முன் பயாஸில் செய்து பார்க்க வேண்டியவை நிறைய. ஹைப்பர் த்ரெடிங், டர்போ, ஸ்பீட்ஸ்டெப், சி-ஸ்டேட் என்று பிராசசரின் வேலையைப் பங்குபோடும், வேகத்தை மாற்றும், தூங்கவைக்கும் வசதிகள் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஆன்போர்டு சவுண்டு, வைஃபை, புளூடூத், பயன்படாத போர்ட்டுகளும் அப்படியே. யுஎஸ்பி லெகசி சப்போர்ட்டை அணைத்தால் பெரிய முன்னேற்றம் கிடைப்பதுண்டு, ஆனால் அதன்பிறகு பயாஸுக்குள் நுழையவே கீபோர்டு வேலை செய்யாமல் போகலாம், பழைய வட்டப் பின் கீபோர்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பல கோர் உள்ள பிராசசரில் ஐசோல்சிபியூஸ் என்ற ஒரு சொல்லை கெர்னலின் தொடக்க வரியில் சேர்த்து, ஒரு கோரை மற்ற வேலைகள் எதுவும் தொடாமல் மெஷினுக்கென்று ஒதுக்கிவிடலாம். என் அனுபவத்தில் இந்த ஒன்றே பல கணினிகளைத் தேற்றியிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு பிடுங்கினாலோ போட்டாலோ எண் மாறும், இரண்டையும் பார்க்க வேண்டும். என்விடியா கார்டோடு அதன் சொந்த டிரைவரைப் போட்டால் ரியல்டைம் கெர்னலில் தலைவலிதான், இலவச டிரைவரோடு விட்டுவிடுவது நல்லது. இத்தனைக்கும் பிறகும் எண் இறங்கவில்லையென்றால் அந்தக் கணினியைப் பில் போடும் மேஜைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பேரலல் போர்ட் தனிக் கதை. இப்போது வரும் போர்டுகளில் அது இல்லை என்றதும் பிரிண்டருக்கு விற்கும் யுஎஸ்பி-பேரலல் கேபிளை வாங்கி மாட்டிவிட்டு ஏன் ஓடவில்லை என்று கேட்கிறார்கள். ஓடாது. அது பிரிண்டர் மொழி மட்டும் பேசும், மெஷினுக்கு வேண்டியது ஒவ்வொரு பின்னையும் நேரடியாக ஏற்றி இறக்கும் போர்ட். பிசிஐ, பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டுகள் ஓடும், ஆனால் அவற்றின் முகவரி வழக்கமான 378-ல் இருக்காது, லினக்ஸைக் கேட்டுத் தெரிந்து கான்ஃபிகரேஷனில் எழுத வேண்டும். இன்னொன்று வோல்டேஜ். புதிய கார்டுகள் பலவற்றில் 5 வோல்டுக்குப் பதில் 3.3 வோல்ட்தான் வரும். 5 வோல்டை எதிர்பார்க்கும் மலிவான பிரேக்அவுட் போர்டு (போர்ட்டுக்கும் டிரைவுக்கும் இடையே வயர் மாட்டும் பலகை) அதைச் சில நேரம் பல்ஸ் என்று எடுத்துக்கொள்ளும், சில நேரம் எடுத்துக்கொள்ளாது, ஆபரேட்டர் மட்டும் பழி சுமப்பார்.

இதில் ஆபத்தும் இருக்கிறது, இதைக் கட்டுரை சொல்லியிருக்க வேண்டும். கணினியை ஆன் செய்யும்போது மென்பொருள் ஏறும்வரை பேரலல் போர்ட்டின் பின்கள் தாமாக மேலும் கீழும் போகும். ஸ்பிண்டில் ரிலேயை அதில் நேரடியாகக் கொடுத்திருந்தால் யாரும் தொடாமலேயே ஸ்பிண்டில் சுற்ற ஆரம்பிக்கலாம், சக்கில் கை வைத்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை மட்டும் துடித்துக்கொண்டிருக்கும் சிக்னலைப் பார்த்துதான் ரிலே போட வேண்டும், சார்ஜ் பம்ப் என்பார்கள். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டனோ கணினியைக் கேட்காமல் மின்சாரம் தரும் கான்டாக்டரையே அறுக்க வேண்டும். பட்டனைக் கணினிக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கும் பேனல்களை நான் பார்த்திருக்கிறேன், பார்த்த இடத்திலேயே மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

கொஞ்சம் பணம் போட முடிந்தால் பல்ஸ் வேலையைக் கணினியிடமிருந்து பிடுங்கி மேசா போன்ற, தனிச் சிப் உள்ள எஃப்பிஜிஏ கார்டிடம் கொடுத்துவிடலாம். அப்போது கணினி மில்லி செகண்டுக்கு ஒருமுறை கார்டோடு பேசினால் போதும், 1 லட்சம் நானோ செகண்ட் தாமதமுள்ள கணினியும் நிம்மதியாக ஓட்டும். கணினி பேச்சை நிறுத்திவிட்டால் கார்டில் உள்ள வாட்ச்டாக் தானாகவே அவுட்புட்களை அணைத்துவிடும் என்பது கூடுதல் நிம்மதி. விலை டாலரில், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுதான் கசப்பு. ஈதர்நெட்டில் ஓடும் கார்டு என்றால் இனிக் கவனம் நெட்வொர்க் சிப்புக்குப் போகும். சில ரியல்டெக் சிப்புகளில் பாக்கெட் தாமதமாகி 'எரர் ஃபினிஷிங் ரீட்' என்று மெஷின் நின்றுபோவதுண்டு, டிரைவரை மாற்றினால் சரியாவதும் உண்டு. இன்டெல் சிப்பிலும் பாக்கெட்டுகளைச் சேர்த்துவைத்து ஒன்றாகக் கொடுக்கும் வசதியை அணைக்க வேண்டியிருக்கும். அந்தக் கேபிளைக் கார்டுக்கு மட்டும் நேரடியாகக் கொடுங்கள், அலுவலக ஸ்விட்ச்சில் சொருகி சிசிடிவி கேமராவோடு பங்கு போடாதீர்கள்.

எல்லாப் பழியையும் கணினி மேல் போடுவதும் சரியில்லை. அளவு ஒரே பக்கமாக, திசை மாறும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனால், பல்ஸின் எந்த விளிம்பில் டிரைவ் வேலை செய்கிறது என்பதைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள், கான்ஃபிகரேஷனில் ஒரு டிக் மாற்றினால் தீரும். ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் லிமிட் ஸ்விட்ச் சும்மா அடிக்கிறது என்றால் ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் விஎஃப்டி-யின் நாய்ஸ் (மின் இரைச்சல்), ஷீல்டு கேபிளையும் எர்த்தையும் பாருங்கள். ஸ்பிண்டிலை அணைத்து, வெட்டாமல் காற்றிலேயே ஓட்டும்போதும் எந்த ஒழுங்கும் இல்லாமல் விட்டுப்போகிறது என்றால்தான் கணினியைச் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் லினக்ஸ்சிஎன்சி முன்பே சொல்லியிருக்கும்: 'அன்எக்ஸ்பெக்டட் ரியல்டைம் டிலே' என்று ஒரு செய்தி வரும். கெட்ட நேரம், அது மென்பொருளைத் திறந்து மூடும்வரை ஒரே ஒரு முறைதான் வரும். காலை ஷிப்டில் வந்தவர் ஓகே அழுத்திவிட்டுப் போயிருப்பார், மாலை ஷிப்டுக்காரர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். அந்தச் செய்தி வந்தால் போட்டோ எடுத்து வையுங்கள் என்று எல்லா ஆபரேட்டர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது என் கோரிக்கை. கோவையில் ஒரு பம்பை வாங்கினால் சிடார்க் பரிசோதனை மையத்தில் டெஸ்ட் செய்ததா என்று கேட்கும் நாம், லட்சக்கணக்கில் செலவழித்து ரெட்ரோஃபிட் செய்யும் மெஷினின் கணினிக்கு ஒரு டெஸ்ட் காகிதம்கூட கேட்பதில்லை. ரெட்ரோஃபிட் செய்து கொடுப்பவர்கள், என்னையும் சேர்த்துத்தான், மெஷினை ஒப்படைக்கும்போது லேட்டன்சி டெஸ்ட் எவ்வளவு நேரம் ஓடியது, மோசமான எண் என்ன, பயாஸில் எதெதை அணைத்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், பட்டறைக்காரர்கள் அதை வாங்காமல் பாக்கித் தொகையைத் தரக் கூடாது. இந்தத் தாள் இல்லாததால்தான், பயாஸ் பேட்டரி தீர்ந்து எல்லா செட்டிங்கும் பழைய நிலைக்குப் போன அன்று மெஷின் ஏன் திடீரென்று கெட்டது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது. (அந்தப் பேட்டரியை அவ்வப்போது மாற்றுங்கள், விலை ஒரு சாப்பாட்டுக்கு ஆகாது.)

நம் ஊர் பாலிடெக்னிக்குகளும் ஐடிஐகளும் சிஎன்சி பாடத்தில் ஜி-கோட் என்ற மெஷின் கட்டளைகளைச் சொல்லிக்கொடுப்பதோடு நிற்காமல், இந்த டெஸ்டை மாணவர்களைக் கொண்டு பழைய கணினிகளில் ஓட்டவைத்து, எந்த மாடலுக்கு எந்த எண், எந்த பயாஸ் செட்டிங்கில் இறங்கியது என்று தமிழில் ஒரு பட்டியல் வைத்தால் கொடிசியா போன்ற சிறுதொழில் அமைப்புகள் வழியாகப் பட்டறைகளுக்குக் கொடுக்கலாம். ஒரே மாடலில் பயாஸ் பதிப்பு மாறினாலே எண் மாறும் என்பதால் பட்டியலை வேதவாக்காக எடுக்க முடியாது, ஆனாலும் எதைத் தேடுவது என்றாவது தெரியும்.

செகண்ட் ஹேண்ட் கணினி விற்கும் கடைக்காரர்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. டெபியன் 12 என்ற லினக்ஸ் மேல் கட்டிய லினக்ஸ்சிஎன்சி 2.9-இன் பூட் இமேஜைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வரும் வாடிக்கையாளரை ஹார்டு டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே பூட் செய்து ஒரு மணி நேரம் டெஸ்ட் ஓட்ட விடுங்கள். ஒரு பிளக் பாயிண்டும் ஒரு மானிட்டரும் கொடுத்தால் போதும். அப்படி விடும் கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் நான் என் ஆட்களை எல்லாம் அங்கேயே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ரெட்ரோஃபிட் தொழில் செய்யும் ஒரு வாசகர்,
கணபதி, கோயம்புத்தூர்.